சிறியது, நடுத்தரம், அசல்

கழிப்பறையைக் கழுவுவது பெரிய வேலை இல்லை, கழுவியதை நிரூபிப்பதுதான் பெரிய வேலை. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் அவள் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள். சொல்லும்போது சிரிக்க மாட்டாள். சிரிக்கிற விஷயமாக அது அவளுக்கு என்றைக்கும் தோன்றியதில்லை.

அந்தப் பல மாடிக் கட்டிடத்தில் எந்த அலுவலகமும் இப்போது சுத்தத்தை மூக்கால் நம்புவதில்லை, போனில் பார்த்தால்தான் நம்புகிறது. துப்புரவுப் பெண்கள் ஒவ்வொருத்தி போனிலும் கம்பெனி ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்திருக்கிறது. அறைக்குள் நுழைந்ததும் அழுக்கோடு ஒரு படம். துடைத்து முடித்ததும் அழுக்கில்லாமல் ஒரு படம். இரண்டும் மேலே ஏறி, பச்சையாக ஒரு சரி அடையாளம் விழுந்தால்தான் அடுத்த அறைக்கு அனுமதி. நிஜக் கதவு என்னவோ திறந்துதான் கிடக்கும். ஆனால் பச்சை விழாமல் உள்ளே போய்த் துடைத்தால் அது துடைத்ததில் சேராது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல! கீழ்த்தளத்தில் சிக்னல் கிடையாது. ஒரு கையில் மாப்பு, மறு கையில் போன் என்று லிஃப்ட் வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்தபடி. குனிந்து துடைத்தபோது வலிக்காத தோள், போனைத் தூக்கிப் பிடித்ததில் வலிக்கும்.

அவர்களுக்கு அவள் சூப்பர்வைசர். சூப்பரக்கா என்று கூப்பிடுவார்கள். மற்றவர்களை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, அவரவர் துடைக்கும் மாடிதான் பெயர். 'நாலாம் மாடிக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு, ஏழாம் மாடி பொண்ணுக்குக் கல்யாணம்' என்று அவர்கள் பேசுவதைப் புதிதாகக் கேட்பவன் கட்டிடத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோவான். எந்த மாடி வராவிட்டாலும் அந்த மாடி சூப்பரக்கா தலையில் விழும். பெயரில் மட்டும்தான் சூப்பர், கையில் எப்போதும் வாளி.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. கட்டியவன் என்றைக்கோ வேறு வழி பார்த்துப் போய்விட்டான், அந்தக் கதை நமக்கு வேண்டாம். கட்டிடத்துக்குப் பின்தெருவில் ஒற்றை அறை. வேலை முடிந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால், எழுந்து விளக்கைப் போடக்கூட மனம் வராது. செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருப்பாள். களைப்பு என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் களைப்பு என்றால் தூங்கி எழுந்தால் போக வேண்டும் அல்லவா? இது போகவில்லை.

அவளுக்கு மிச்சமிருந்தது அப்பா ஒருவர்தான். அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் முழுக்க ரயிலில் போனால் வருகிற ஊரில், சொந்த வீட்டில், தனியாக இருந்தார். வீடியோவில் பேசலாம் என்று பார்த்தால் அங்கே லைன் இழுத்து இழுத்து நிற்கும், அப்பா வாய் திறந்தபடி உறைந்துபோவார். இரண்டு தடவை முயன்றுவிட்டு விட்டுவிட்டார்கள். வெறும் பேச்சுதான். அதோடு தினமும் காலையில் ஒரு படம்.

அந்தப் படம் அவளாக எடுப்பது இல்லை, ஆப் எடுக்கச் சொல்வது. காலையில் வாசலில் நின்று, நீலச் சட்டைச் சீருடையோடு தன் முகத்தைத் தானே படமெடுத்து அனுப்பினால்தான் வருகை பதிவாகும். படத்துக்கு அடியில் நேரமும் தேதியும் கொட்டை எழுத்தில் தானாக விழும். வருகை பதிவானதும் அதே படத்தை அப்பாவுக்குத் தள்ளிவிடுவாள். அப்பாவுக்கு அதுதான் கடிதம், அதுதான் செய்தி. மகள் எழுந்தாள், குளித்தாள், வேலைக்கு வந்து சேர்ந்தாள். காலம் முழுக்க நேரம் பார்த்தே வண்டி எடுத்த மனிதர் ஆதலால், அந்த நேர முத்திரை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். உடனே குரலில் பதில் அனுப்புவார். "இன்னைக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு. சிக்னல்ல மாட்டிக்கிட்டியா?" அவள் நடந்து வருகிறவள், அவளுக்கு ஏது சிக்னல்? ஆனாலும் அதைக் கேட்டபிறகுதான் வாளியைத் தூக்குவாள்.

இப்போது கண்ணுக்கு வருவோம். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றதும் மனிதர் பிடிவாதம் பிடித்தார். மழையிலும் மூடுபனியிலும் மேட்டுப் பாதையில் வண்டி ஓட்டியவர், கண்ணில் கத்தி என்றதும் நடுங்கிவிட்டார். அவள்தான் கெஞ்சி, கொஞ்சி, மிரட்டி, லீவு போட்டுப் போய், முதலில் ஒரு கண்ணுக்குச் செய்ய வைத்தாள். கட்டுப் போட்ட முகத்தோடு அப்பாவைப் படம் எடுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் டீ குடிப்பதை எடுத்தாள். கட்டுப் பிரித்த அன்று கறுப்புக் கண்ணாடியோடு சினிமாக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்ததையும் எடுத்தாள். "எல்லாம் தண்ணிக்குள்ள பார்க்கிற மாதிரி இருக்கும்மா" என்றார் அப்பா. போகப் போகத் தெளியும் என்றார் டாக்டர். அவளுக்கு லீவு முடிந்திருந்தது. சொட்டு மருந்து போடும் பொறுப்பை எதிர்வீட்டு டெய்லரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு அன்றைக்கே ரயில் ஏறினாள்.

திரும்பி வந்து வேலையில் நின்றால், போன் படம் எடுக்க மறுத்தது. இடம் இல்லையாம். எதையாவது அழி என்றது. உள்ளே இருந்தது முழுக்கக் கழிப்பறைப் படங்கள், கை கழுவும் தொட்டிகள், குப்பைக்கூடைகள். அவற்றை மாத முடிவுவரை அழிக்கக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. மிச்சம் அப்பாவின் படங்கள். அதை எப்படி அழிப்பாள்? கட்டுப் போட்ட கண்ணோடு டீ குடித்த முகம் அது. ஆப்பைக் குடைந்து குடைந்து பார்த்தபோது, ஒரு மூலையில் 'படத்தின் அளவு' என்று ஒன்று இருந்தது. அதற்குள் மூன்று வரி. சிறியது, நடுத்தரம், அசல். 'அசல்' என்பதில் புள்ளி இருந்தது. அவள் அதை எடுத்துச் 'சிறியது' என்பதில் வைத்தாள்.

அடடா, என்ன மாற்றம்! அழுத்தியதும் படம் ஏறியது. சுற்றும் வட்டம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, பச்சை விழுந்தது. போனும் வாயை மூடிக்கொண்டது. மதியத்துக்குள் எல்லா மாடிகளுக்கும் அவள் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். "சூப்பரக்கா, உங்களைக் கட்டி முத்தம் கொடுக்கணும்" என்றாள் ஏழாம் மாடி. "முத்தம் வேணாம், மூட்டுவலித் தைலம் கொடு" என்றாள் அவள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அங்கே அப்பா வீட்டில் நடந்தது வேறு. அவளுக்கு இது பிறகுதான் தெரிய வந்தது. உங்களுக்கு நான் இப்போதே சொல்லிவிடுகிறேன், மர்மக்கதை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அப்பா காத்திருந்தார். கண் தெளிந்ததும் முதலில் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தார். கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு, காலையில் வந்த படத்தைத் திறந்து, டெய்லரம்மா சொல்லிக் கொடுத்தபடி இரண்டு விரலால் விரித்தார். நீலச் சட்டை வந்தது. நேரம் வந்தது, தேதி வந்தது, கொட்டை எழுத்தில், துல்லியமாக. முகம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. விரிக்க விரிக்கக் கட்டம்தான் பெரிதானது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அவர் போனுக்கு வேறு யாரும் படம் அனுப்புவதில்லை, பழைய படங்களும் அதில் தங்குவதில்லை, ஒத்துப் பார்க்க வழியில்லை.

இதைப் போய் அவர் பழைய கண்டக்டரிடம் கேட்டார். இவர் வண்டி ஓட்டிய காலத்தில் பின்னால் விசில் ஊதியவர் அவர். இப்போது டீக்கடையில் உட்கார்ந்து எல்லா நோய்க்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "எழுத்து தெரியுது, மூஞ்சி தெரியலையா? போச்சு. கண்ணு நரம்பு போகுது. என் மச்சானுக்கு இப்படித்தான். முதல்ல மூஞ்சிதான் போகும்" என்றார் கண்டக்டர்.

"உன் மூஞ்சி தெரியுதேப்பா?"

"என்னை முப்பது வருஷமா பார்க்கிறே. கண்ணு காட்டலைன்னாலும் மூளை வரைஞ்சு காட்டிடும்."

"பெத்த பொண்ணு மூஞ்சியை மூளை வரையாதா?"

கண்டக்டர் டீயை உறிஞ்சினார். பதில் தெரியாத இடத்தில் டீயை உறிஞ்சினால், கேட்டவனுக்கு எமனே வந்து நின்ற மாதிரி இருக்கும் என்று அந்த மனிதருக்கு எங்கே தெரியப்போகிறது! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்பா டாக்டரிடமும் கேட்கவில்லை, கேட்டால் ஆமாம் என்றுவிடுவாரோ என்று பயம். சோதனைக்குப் போனபோது சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் கடகடவென்று வாசித்தார். நல்லாருக்கு என்றார் டாக்டர். இவருக்கு எழுத்து காட்டத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

மகளிடம் சொன்னாரா? மூச்! அவள் கெஞ்சி, லீவு போட்டு, ரயிலில் உட்கார்ந்தபடியே வந்து, உட்கார்ந்தபடியே போனவள். அவளிடம் போய் எல்லாம் வீணாகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வார்? அவள் "படம் தெரியுதாப்பா?" என்று கேட்கும்போதெல்லாம் "நல்லா தெரியுதே" என்பார். "இன்னைக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டே போலிருக்கே" என்பார். அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்? நிமிடம் வரை சொல்கிறாரே!

ஆனால் ஒன்று செய்தார். இரண்டாவது கண்ணைத் தொடவிடவில்லை.

முதல் தடவை சளி என்றார். அடுத்து, கண்டக்டர் வீட்டில் விசேஷம் என்றார். பிறகு வெயில் ஆகாது என்றார். டாக்டரோ, அந்தக் கண்ணில் புரை முத்திக்கொண்டே போகிறது, முத்திவிட்டால் எடுப்பது கஷ்டம், சீக்கிரம் வாருங்கள் என்று டெய்லரம்மாவிடம் சொல்லி அனுப்பினார். டெய்லரம்மா இவளுக்குப் போன் செய்தாள். இவள் மேனேஜர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து லீவு வாங்கினாள். நாலாம் மாடியைத் தன் வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். டிக்கெட் எடுத்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் அப்பா போன் செய்தார்.

"வராதேம்மா. இப்ப வேணாம்."

அவள் அப்போது சாமான் அறையில் இருந்தாள். மாப்புகளும் பினாயில் கேன்களும் அடுக்கிய, ஜன்னல் இல்லாத அறை. மூன்று மாடியை அன்றைக்குத் தானே துடைத்திருந்தாள்.

"ஏன்ப்பா? இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு கண்ணு இருக்குல்ல. இருக்கிற வரைக்கும் போதும்."

"என்னப்பா பேச்சு இது? நல்லா தெரியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு கண்ணு நல்லா ஆச்சுன்னா இன்னொண்ணையும் பண்ணிக்க என்ன பயம்?"

"பயமெல்லாம் இல்லம்மா."

"அப்ப என்னை அலைய விடறதுதான் உங்களுக்கு வேலையா? இங்க ஒரு நாள் லீவுக்கு நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமா? கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்னப்பா பிரயோஜனம்?"

சொன்னது பழமொழிதான். எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான். ஆனால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"சரிம்மா. நீ சாப்பிட்டியா?" என்றார் அப்பா. "நீ நல்லா இருக்கேல்ல?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்று கத்திவிட்டு வைத்தாள். வைத்த கையோடு கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் வந்த அழுகை பாதியிலேயே நின்று, வெறும் அசதி மட்டும் மிஞ்சியது. அப்பாவின் கண் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, அதைப் பிடித்து நிறுத்த அவளுக்குக் கையில் வலு இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு டிக்கெட்டை ரத்து செய்தாள். லீவு வேண்டாம் என்று சொல்ல மேனேஜரிடம் போனபோது அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாளும் படம் அனுப்பினாள், கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று. "சரியான நேரத்துக்கு வந்துட்டே" என்று மட்டும் பதில் வந்தது. இரண்டு பேருமே பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

கொஞ்ச நாளில் மேனேஜர் எல்லாரையும் கூட்டினார். நல்ல மனிதர்தான், பாவம், மேலே இருப்பவர்கள் அவரைத் துடைப்பதை அவர் இவர்கள்மேல் துடைப்பார். மேல்மாடி அலுவலகம் ஒன்றிலிருந்து புகார். கை கழுவும் தொட்டியின் படத்தில் ஒரு கறுப்பு தெரிகிறது, அது கறையா நிழலா என்று தெரியவில்லையாம். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறதாம்.

"யாரு எல்லார் போன்லயும் படத்தைச் சின்னதா வைக்கச் சொன்னது?"

எல்லா மாடிகளும் தரையைப் பார்த்தன. ஒரு மாடிகூட அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"நான்தான் சார்" என்றாள் அவள். மறைக்கக்கூடத் தெம்பு வேண்டுமே.

"நீங்களேவா? சரி போகட்டும். நாளையிலிருந்து அசல்லதான் இருக்கணும். சின்னப் படத்தை இனி ஆப் வாங்கிக்காது. வருகைப் படத்துக்கும் அதேதான்."

"போன்ல இடம் இல்ல சார்."

"எதையாவது அழிச்சுக்குங்க."

எளிதாகச் சொல்லிவிட்டார். வேலை முடிந்து, மாலை வெளிச்சம் இருக்கும்போதே கட்டிலில் உட்கார்ந்து அவள் அழிக்க ஆரம்பித்தாள். முடிந்த மாதத்துக் கழிப்பறைகளை முதலில் அழித்தாள். அது போதவில்லை. அப்பாவின் படங்களுக்கு வந்தாள், பார்த்தாள், தாண்டிப் போனாள். சண்டை போட்டிருந்தாலும் அதில் கை வைக்க முடியவில்லை. கடைசியில் மிஞ்சியது பாட்டுகள். படுத்தும் தூக்கம் வராதபோது கேட்பதற்கென்று சேர்த்து வைத்திருந்தவை. அவளுக்கென்று அந்தப் போனில் இருந்தது அது ஒன்றுதான். அழித்துவிட்டு, புள்ளியை 'அசல்' என்பதில் வைத்தாள்.

உங்களுக்கு இப்போது எல்லாம் புரிந்திருக்கும். அவளுக்குப் புரியவில்லை. மேனேஜர் 'கட்டம் கட்டமாக' என்று சொன்னபோதும் அவளுக்கு எதுவும் தட்டவில்லை. அப்பாதான் நல்லா தெரியுது என்கிறாரே! அதோடு, அவ்வளவு அலுத்துப் போனவளுக்கு இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்க்கும் தெம்பு ஏது?

மறுநாள் காலை வாசலில் நின்று படம் எடுத்தாள். வட்டம் பழையபடி சுற்று சுற்றென்று சுற்றியது. பச்சை விழுந்ததும், பார்க்காமலே அப்பாவுக்குத் தள்ளிவிட்டு வாளியை எடுத்தாள். ஏழாம் மாடி வரவில்லை, அதனால் அவள்தான் ஏழாம் மாடி. பாதித் தரை துடைத்திருப்பாள், போன் அடித்தது. அப்பா. வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"அப்பா? என்னாச்சு?"

"அம்மாடி, கண்ணு வந்துருச்சு!"

"என்னப்பா சொல்றீங்க? எந்தக் கண்ணு?"

"ஆபரேஷன் பண்ண கண்ணுதான்மா! உன் மூஞ்சி தெரியுது! மூக்குக்குப் பக்கத்துல மச்சம் தெரியுது! காதுல தோடு தெரியுது! டெய்லரம்மாவைக்கூடக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்." அப்பா குழந்தை மாதிரி மூச்சு வாங்கினார். "நரம்பு போகலைம்மா. திரும்பி வந்துருச்சு. அந்தச் சொட்டு மருந்துதான் வேலை செஞ்சிருக்கு."

அவள் மாப்பைச் சுவரில் சாய்த்தாள். அது சரியாகச் சாயாமல் சறுக்கி விழுந்தது.

"இத்தனை நாளா தெரியலையா உங்களுக்கு?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"அப்பா, கேக்கிறேன்ல. தினம் நல்லா தெரியுதுன்னு சொன்னீங்களே?"

"நேரம் தெரிஞ்சுதும்மா. சட்டை தெரிஞ்சுது. மூஞ்சிதான்... கட்டம் கட்டமா இருந்துச்சு. கண்டக்டர் சொன்னான், முதல்ல மூஞ்சிதான் போகும்னு. ஒரு கண்ணைக் கெடுத்துக்கிட்டோமே, இன்னொண்ணையும் கெடுத்துக்க வேணாம்னுதான்... நீ வேற அன்னைக்கு..." அவர் முடிக்கவில்லை.

கட்டம் கட்டமாக. அப்போதுதான் அவளுக்குத் தட்டியது. தட்டிய வேகத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அந்தப் பழமொழியைச் சொன்ன தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. கண் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்த மனிதரிடம், கண்ணு கெட்ட பிறகு என்று கத்தியிருக்கிறாள். அவர் அதற்குச் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார்.

"அப்பா, உங்க கண்ணு போகவே இல்லப்பா. பாவி நான்தான் படத்தைச் சின்னதா வச்சிருந்தேன். போன்ல இடம் இல்லைன்னு. சின்னதா எடுத்தா யாருக்குமே மூஞ்சி தெரியாதுப்பா, டாக்டருக்கே தெரியாது. நேத்துதான் பெருசா மாத்தினேன்."

அப்பா கொஞ்ச நேரம் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அந்தக் கண்டக்டர் பயலை இன்னைக்கு வண்டி ஏத்திக் கொல்லப்போறேன்" என்றார். அவள் சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. அவரும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். படத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்." குரல் மாறியிருந்தது. "ஏம்மா, இது நீதானா?"

"நான்தான். வேற யாரு?"

"கன்னம் எங்கம்மா போச்சு? கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு. தலை எப்ப இப்படி நரைச்சுது?"

"வாசல்ல வெளிச்சம் சரியில்லப்பா. அதான் அப்படி இருக்கு."

"வெளிச்சத்தைப் பார்த்தே வண்டி ஓட்டினவன்மா நான். வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு."

அந்தச் சின்னப் படங்களில் அவள் பத்திரமாக இருந்திருக்கிறாள். இப்போது ஓட இடமில்லை.

"நல்லா இருக்கேன்னு தினம் சொன்னியே" என்றார் அப்பா.

"நீங்களும் தினம் நல்லா தெரியுதுன்னு சொன்னீங்களே."

எங்கோ லிஃப்ட் வந்து நின்று, கதவு திறந்து, யாரும் இறங்காமல் மூடிக்கொண்டது.

"சரி, கேளு" என்றார் அப்பா கடைசியில், வண்டியைக் கிளப்புகிற குரலில். "அடுத்த கண்ணைப் பண்ணிக்கிறேன். டாக்டர் சொன்ன நாள்லயே பண்ணிக்கிறேன். என்னைக் கூட்டிட்டுப் போக டெய்லரம்மா இருக்கா, கண்டக்டர் இருக்கான், செஞ்ச பாவத்துக்கு அவன் வந்துதான் ஆகணும். எனக்காக நீ வர வேணாம். நீ லீவைப் போட்டுட்டு வந்து படு. தூங்கு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"லீவு கிடைக்காதுப்பா."

"எனக்கு ஆபரேஷன்னு சொல்லு. கொடுப்பாங்கல்ல? என் கண்ணைச் சொல்லி நீ வந்து தூங்கு."

அவள் சரி என்றாள். சரி என்று சொன்னால்தானே போனை வைப்பார். வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்தத் தரையிலேயே இருந்தாள். பிறகு எழுந்து, உட்கார்ந்த இடத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் படம் எடுத்தாள்.

மறுநாள் காலை, வருகைப் படம் எடுப்பதற்கு முன்னால், கீழ்த்தளத்துக் கண்ணாடி முன் நின்று முகத்தைக் கழுவினாள். தலையை இன்னொரு தடவை வாரினாள். கன்னத்தை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டாள். வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்து, பல் தெரிகிற மாதிரி நன்றாகச் சிரித்து அழுத்தினாள். வட்டம் சுற்றி முடித்துப் பச்சை விழுந்தது. அப்பாவுக்குத் தள்ளிவிட்டு நின்றாள்.

பதில் உடனே வந்தது. நேரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"சிரிச்சது போதும். லீவு கேட்டியா?"